பேசாத கைடு டீச்சரிடம் என்ன கற்றுக்கொள்வது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி, இது மூன்றாவது வாரம். அங்கே உங்களுக்கு வழிகாட்டியாக இருக்கிற ஆசிரியர், அதாவது கைடு டீச்சர், உங்கள் பாடக் குறிப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் பாடம் எடுத்து முடித்ததும் “பரவாயில்லை, சத்தம் பத்தல” என்பதோடு சரி. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறைகள் எதையும் அவர் வகுப்பில் காணோம். ‘இவரிடம் நான் என்ன கற்றுக்கொள்வது, கல்லூரி சொல்வதைக் கேட்பதா, இவரைப் பார்த்து நடப்பதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த டீச்சர் நல்லவரா இல்லையா என்பது உங்கள் கவலை என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் திறந்து சொல்லித்தராத ஒருவரிடமிருந்து தொழிலை எப்படி வாங்கிக்கொள்வது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். 6 முதல் 10 வரை, தமிழ் வழி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது என் வகுப்புக்கும் பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். ஆக, இந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். தொடக்கப் பள்ளி அனுபவம் எனக்குக் கிடையாது. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து நடத்துகிற வேலையே வேறு. அங்கே பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் கேட்பதுதான் சரி.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. பள்ளிப் பயிற்சி பி.எட்.டின் ஓரத்தில் ஒட்டிவைத்த சடங்கு கிடையாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2014-ல் கொண்டுவந்த விதிகளின்படி பி.எட். இரண்டு வருடமானது. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. மற்றப் பாடங்களுக்கு வருகை 80 சதவீதம் போதும், பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 90 வேண்டும். நான் படித்த 1998-ல் பி.எட். ஒரே வருடம், மதுரையில் காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. எங்களுக்கு ஏறக்குறைய 40 நாள்தான் பள்ளி. உங்களுக்கு ஒரு வகுப்பை ஒரு பருவம் முழுக்கப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்திருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு பையன் எப்படி இருந்தான், பிறகு எப்படி ஆனான் என்று பார்க்க முடியும். எனக்கு அது கிடைக்கவில்லை.

இனி உங்கள் டீச்சரின் மௌனத்துக்கு வருவோம். அவர் மனதில் இருப்பதை நான் சொல்ல முடியாது. என் மனதில் என்ன ஓடும் என்று சொல்ல முடியும். பயிற்சி மாணவர் நீட்டுகிற பாடக் குறிப்பில் ஆர்வமூட்டல், பாட அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அது கல்லூரியில் ரெக்கார்டுக்காக எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் தேடுவது அதில் இருக்காது. பயிற்சிக் கணக்கு முழுவதையும் முந்தின நாள் வீட்டில் போட்டுப் பார்த்தாரா, எந்தக் கணக்கில் பிள்ளைகள் மாட்டுவார்கள் என்று யோசித்தாரா, அது மட்டும்தான் எனக்கு வேண்டும். இன்னொன்றும் உண்டு. வகுப்பை உங்களிடம் கொடுக்கும்போது அவர் தன் பாடவேளையைக் கொடுக்கிறார். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. மதிப்பெண் குறைந்தால் தலைமை ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார், அவரைத்தான் கேட்பார். நீங்கள் நடத்திய பாடத்தை நீங்கள் போன பிறகு அவர் மறுபடியும் நடத்த வேண்டிவரலாம். அந்தப் பயம் பல சமயம் வெளியே பார்க்க அலட்சியம் மாதிரித் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், அவர் என்ன செய்கிறார் என்பது அவருக்கே வார்த்தையாக வராது. சைக்கிளில் எப்படிச் சாயாமல் போகிறோம் என்று கேட்டால் என்ன சொல்வோம்? இருபது வருடம் வகுப்பில் நின்றவருக்கு எந்த நிமிடத்தில் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பது உடம்பில் ஊறிப்போயிருக்கும். “எப்படி டீச்சர் நல்லா நடத்துறது?” என்று கேட்டால் “போகப் போக வரும்” என்பார். நானும் என் கைடு டீச்சரிடம் அப்படித்தான் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. கேள்விதான் சரியில்லை.

அந்த டீச்சருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மதுரை நகரத்துக்குள் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு, ஐம்பது பையன்களும் பெண்களும். இரண்டு வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து ‘உற்றுநோக்கல் பதிவேடு’ என்று என்னென்னவோ எழுதினேன். ஒரு நாள் மட்டும் ஒன்று கண்ணில் பட்டது. வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவர், மூன்றாவது பெஞ்சில் ஒரு பையனை மட்டும் தாண்டிப் போனார். அவன் மக்குப் பையன் கிடையாது. மதியம் சாப்பிடும்போது கேட்டேன், “டீச்சர், இன்னைக்கு முதல் பீரியட்ல அந்த மூணாவது பெஞ்ச் பையனை ஏன் விட்டுட்டீங்க?” டிபன் பாக்ஸ் மூடியைக் கீழே வைத்தார். “நீங்க அதைப் பார்த்தீங்களா தம்பி?” என்றார். அப்புறம் மணி அடிக்கும்வரை பேசினார். அவன் விடியற்காலை சிம்மக்கல் பழ மண்டியில் மாமாவோடு நின்றுவிட்டு வருகிறவன். முதல் பீரியடில் கேட்டால் தெரிந்ததும் வாயில் வராது, நாலு பேர் சிரிப்பார்கள், அன்றைக்கு முழுக்க அவன் வகுப்பில் இருக்க மாட்டான். மதியத்துக்கு மேல் கேட்டால் முதல் ஆளாகச் சொல்வான். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. இரண்டு வாரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் அதில் ஒன்றுகூட என் பதிவேட்டில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பொதுவாகக் கேட்காதீர்கள். நடந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துக் கேளுங்கள். “அந்த ரெண்டாவது கணக்கை ஏன் போர்டுல போடாம விட்டீங்க?” “அந்தப் பொண்ணு தப்பாச் சொன்னப்ப ஏன் உடனே திருத்தல?” இப்படிக் கேட்டால் பேசாதவரும் பேசுவார். குறை கண்டுபிடிக்கிற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

அப்படிக் கேட்க வேண்டுமானால் உங்கள் கண் இருக்கும் இடம் மாற வேண்டும். பயிற்சிக்கு வருகிற எல்லாரும் ஆசிரியரையே பார்க்கிறார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய பார்வை அது. டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-ல் இதைத் தெளிவாக எழுதினார்: ஆசிரியராக வருகிற ஒவ்வொருவரும் மாணவராக ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் மாணவர் இருக்கையிலிருந்து பார்த்ததால் அந்தச் செயல்களுக்குப் பின்னால் இருந்த யோசனை அவர்களுக்குத் தெரியாது என்று. பின் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் ஆசிரியரையே பார்த்தால் பழைய மாணவராகவே இருப்போம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது எழுதுகிறான், எப்போது எழுதுகிற மாதிரி இருக்கிறான், யாரைப் பார்த்து எழுதுகிறான், டீச்சர் எந்த வார்த்தை சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தான். வாரக் கடைசியில் அதை டீச்சரிடம் சொல்லுங்கள். அவருக்கே தெரியாத ஒன்று அதில் இருக்கும். அன்றிலிருந்து உங்களோடு அவர் பேசுகிற முறையே மாறும். என்னிடம் வந்த பயிற்சி மாணவி ஒருவர் இப்படித்தான் ஒரு பையன் போர்டில் இருந்து எண்களை மாற்றி மாற்றி எழுதுவதைக் கவனித்துச் சொன்னார். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம், கண்ணாடி போட்டான். அரையாண்டு வரைக்கும் நான் அதைப் பார்க்காமல் இருந்திருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

நோட்டுத் திருத்தக் கொடுக்கிறார் என்று சலிப்பாக எழுதியிருந்தீர்கள். அதைத் தள்ளாதீர்கள். கணக்கு ஆசிரியருக்கு நோட்டைவிடப் பெரிய பாடநூல் கிடையாது. அந்த நாளில் எனக்கும் ஒரு கட்டு நோட்டு வந்தது. பின்னங்களின் கூட்டல். ஒரு பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். சிவப்புப் பேனாவில் பெரிய குறுக்குக் கோடு போட்டு, மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) எடுத்துச் சரியான விடை ஆறில் ஐந்து என்று எழுதி வைத்தேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “அவன்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?” என்றார். கூப்பிட்டுக் கேட்டோம். “ரெண்டு மேட்ச் ஆடி ஒண்ணுல ஜெயிச்சோம். அப்புறம் மூணு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்?” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. கிரிக்கெட்டுக்கு அது சரிதான். இரண்டு ஆட்டத்தில் பாதி என்பதும் மூன்று ஆட்டத்தில் மூன்றில் ஒன்று என்பதும் ஒரே அளவின் துண்டுகள் இல்லை, அதனால் அங்கே அப்படிச் சேர்க்கலாம். பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றாக இருக்க வேண்டும். இதை அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது? எனக்கு மீ.பொ.ம. தவிர வேறு வழி தெரியவில்லை. மறுநாள் டீச்சர் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பினார். அவள் அம்மா கோயில் பக்கம் பூக் கட்டி விற்கிறவர். “அரை முழம் எவ்வளவு, காட்டு” என்றார். அவள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டி, நடுவில் மற்றக் கையை வைத்துக் காட்டினாள். “சரி, அதோட இன்னும் மூணுல ஒரு முழம் பூவைச் சேர்த்துக் கட்டுறோம். இந்தத் தம்பி கணக்குப்படி மொத்தம் அஞ்சுல ரெண்டு முழம். அது எவ்வளவு வரும்?” அந்தப் பெண் கையை மெல்லக் கீழே இறக்கினாள். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வகுப்பே சத்தம் போட்டது, “பூவைச் சேர்த்தாக் குறையுது டீச்சர்!” அந்தப் பையன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம்தான் டீச்சர் சாக்பீஸை எடுத்தார். முழத்தை ஆறு பங்காக்கி, மூன்று பங்கும் இரண்டு பங்கும் சேர்ந்து ஐந்து என்று போர்டில் போட்டபோது மீ.பொ.ம. எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்லூரியில் சொன்ன எந்தப் பெயரும் அந்த வகுப்பில் ஒலிக்கவில்லை. ஆனால் முன்னறிவிலிருந்து தொடங்குவது, தவறான கருத்தை மாணவனே உடைத்துப் பார்க்கும்படி செய்வது, இவையெல்லாம் அதில் இருந்தன. உங்கள் டீச்சர் ‘பழைய மாதிரி’ நடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒரு தடவை இந்தக் கண்ணோடு பாருங்கள். சார்ட்டும் தெர்மோகோல் மாடலும் இல்லை என்பதாலேயே முறை இல்லை என்று ஆகிவிடாது. ஒருவேளை உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். போர்டில் எழுதிப் போட்டு நகலெடுக்கச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் அதை முடிவு செய்ய முடியாது என்று மட்டும் சொல்வேன்.

கல்லூரியா, கைடு டீச்சரா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு பக்கமும் உறுதியானதும் உண்டு, சந்தேகமானதும் உண்டு. உறுதியான ஒன்றைச் சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, ‘தெரியாது’ என்பது குறைகிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். இதை நீங்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம். கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பயிற்சி மாணவருக்கு அந்த மூன்று விநாடி மூன்று நிமிடமாகத் தெரியும். தாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகமான ஒன்றும் சொல்கிறேன். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்ப நடத்த வேண்டும் என்று பல கல்லூரிகளில் இன்னும் எழுதச் சொல்கிறார்கள். 2008-ல் உளவியலாளர்கள் நான்கு பேர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்து நடத்துவதால் பயன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தேர்வுக்கு எழுதுங்கள், உங்கள் மூன்றாவது பெஞ்ச் பையன் மேல் அந்தப் பட்டையை ஒட்டாதீர்கள்.

நுண்ணிலைக் கற்பித்தல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவானது அது. நாலைந்து பேரை வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஒரே ஒரு திறனைப் பழகுவது. கை நடுக்கம் போகும், போர்டில் எழுதுவது சீராகும். அதோடு அதன் வேலை முடிந்தது. நாற்பது பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வெயில், நடுவில் சுற்றறிக்கை கொண்டுவருகிற பையன், இதெல்லாம் பள்ளியில்தான் பழக முடியும்.

“சத்தம் பத்தல” என்ற ஒற்றை வரிக்கு மேல் அவரிடம் வாங்க ஒரு வழி உண்டு. பாடம் முடிந்த பிறகு “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பதற்குப் பதிலாக, தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு வேலை கொடுங்கள். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டமாக வரைந்து கொடுத்து, “நான் யாரை யாரைக் கேள்வி கேட்கிறேன்னு மட்டும் இதுல ஒரு கோடு போட்டுத் தர முடியுமா டீச்சர்?” என்று கேளுங்கள். எனக்கு முதல் தடவை அப்படிக் கிடைத்த தாளில் முன் இரண்டு பெஞ்சுகளில் கோடுகள் நெருக்கமாக இருந்தன, சன்னல் ஓர வரிசை முழுக்க வெறுமை. யாரும் ஒரு வார்த்தை விமர்சனம் சொல்லவில்லை, மறுநாள் நானாகவே சன்னல் பக்கம் நடந்தேன்.

கற்றுக்கொள்ளக் கூடாதது ஒன்றும் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரம்பை உங்கள் கையில் கொடுத்து “நாலு போட்டாத்தான் அடங்குவானுங்க” என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. “எனக்கு வேண்டாம் டீச்சர், காலேஜ்ல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க” என்று பணிவாகச் சொல்லி விலகிவிடலாம். அதே மாதிரி, கைடு டீச்சர் வாரக்கணக்கில் வகுப்புக்கே வராமல் முழுப் பொறுப்பையும் உங்கள் தலையில் போட்டாலோ, சொந்த வேலைக்கு உங்களை அனுப்பினாலோ, கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. ஆசிரியர் வராத வகுப்புக்கு எப்போதாவது உங்களை அனுப்புவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தயாரிப்பு இல்லாமல் ஒரு வகுப்பின் முன் நிற்பதும் பழக வேண்டியதுதான்.

நன்னூலில் பாடம் கேட்பது பற்றி ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரண்டு காலும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறார் பவணந்தி முனிவர். உங்கள் கைடு டீச்சர் எவ்வளவு பேசினாலும் அவர் தருவது அந்த முதல் கால்தான் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். அதே பள்ளிக்கு உங்களோடு வந்திருக்கிற மற்றப் பயிற்சி மாணவர்களோடு பஸ்ஸில் போகும்போது பேசுங்கள், அவர்கள் வகுப்பில் போய் உட்காருங்கள். மற்றதெல்லாம் நீங்கள் பாடம் எடுக்க எடுக்க வருவது.

கடைசியாக ஒன்று கேளுங்கள். அவருடைய சொந்தப் பாடப்புத்தகத்தை, வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிற அந்தக் கிழிந்த பிரதியை, ஒரு நாள் பார்க்கக் கேளுங்கள். 2010-ல் சமச்சீர்க் கல்வி வந்தது, 2018-ல் மறுபடி புத்தகம் மாறியது. இருந்தாலும் பல ஆசிரியர்கள் பழைய பிரதியின் குறிப்புகளைப் புதியதிலும் எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு என் டீச்சர் கடைசி வாரத்தில்தான் கொடுத்தார். பின்னக் கூட்டல் பக்கத்தைத் திருப்பினேன். ஓரத்தில் பென்சிலால் ‘பூ’ என்று ஓர் எழுத்து, அவ்வளவுதான். அந்த வகுப்பில் நான் உட்கார்ந்திருக்காவிட்டால் அது எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. மற்றப் பக்கங்களில் இருந்த குறிகளை எல்லாம் உட்கார்ந்து கேட்க எனக்கு நாள் போதவில்லை. உங்களுக்கு இன்னும் 13 வாரம் இருக்கிறது. இப்போதே கேட்டு வாங்கி, ஒவ்வொரு குறிக்கும் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.